இடது சட்டத்தில் ஒரு பட்டை

என் மச்சான் மாதேஷ் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் முதலில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்து என் முன்னால் வைப்பார். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். அதனால் உலகத்தில் எதற்கும் இந்தக் கமலக்கண்ணன் திட்டம் போட்டுவிடுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. போர்வெல்லுக்குப் போட்டேன், ரோஜாக் குடிலுக்குப் போட்டேன், என் மாமியாரின் கண் அறுவைக்குக்கூடப் போட்டேன். இந்த முறையும் நோட்டை நீட்டினார்.

"மாப்ள, நம்ம பழைய பிக்கப்ப புதுசாக்கப் போறோம்," என்றார். "சும்மா டிங்கரிங், பெயிண்டிங் இல்ல. கேபின், பின்னாடி தொட்டி எல்லாத்தையும் அப்படியே மேல தூக்கிடறது. சேஸ மட்டும் தனியா வெளிய எடுத்து, துரு ஒரு பொட்டு இல்லாம சுரண்டி, மறுபடியும் மொதல்ல இருந்து ஏத்தறது. இன்ஜின் வேற, கியர் பாக்ஸ் வேற, பின்னாடி அச்சு ஹவுசிங் வரைக்கும் வேற. பாப்பாதான் ஓட்டப் போறா."

பாப்பா என்பது அவர் மகள் மேகலா. வயது இருபத்திரண்டு. விவசாயப் படிப்பை முடித்துவிட்டுத் தளியில் அப்பாவின் ரோஜாத் தோட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். தினமும் விடியற்காலையில் பூவை ஏற்றிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்கு அவளே போக வேண்டும் என்று பிடிவாதம். புது வண்டி வேண்டாம், தாத்தா வாங்கிய அந்த வண்டிதான் வேண்டும் என்று அதிலும் ஒரு பிடிவாதம்.

"நல்ல யோசனை மச்சான்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வண்டியின் அடிக்கூடான அந்தச் சேஸை வெளியே எடுத்துச் சுரண்டினால் அதன் இடது சட்டத்தில் ஒரு இரும்புப் பட்டை ஒட்டியிருப்பது தெரியும். பட்டையை எடுத்தால் அதன் கீழே விரிசல் தெரியும். அந்த விரிசலை உண்டாக்கியவன் நான். பன்னிரண்டு வருடமாக அது எனக்கும் ஒரு வெல்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவரும் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

அது 2013 மார்ச் மாதம். பிரவீனாவை நான் கல்யாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். வேலைக்காக ஓசூர் வந்து, கூட வேலை பார்த்த தளிப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டவன். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டில் எனக்குக் காபி வரும், பேச்சு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேஷ் முதன்முதலாக வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். "ஜவளகிரில அத்தை வீட்ல நாலு மூட்டை ராகி கெடக்குது, எடுத்தாந்துருங்க மாப்ள," என்றார். சாவியை வாங்கியபோது எனக்கு வீட்டையே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காட்டு ஓரம். ஒரு வளைவில் சாலையை ஒட்டிக் கறுப்பாக, பெரிதாக ஒன்று நின்றது. அருப்புக்கோட்டையில் நான் பார்த்த பெரிய மிருகம் எருமைதான். விளக்கை அணைத்து, ரிவர்ஸ் போட்டு, பின்னால் பார்க்காமல் மிதித்தேன். வண்டி கோணலாகப் போய், முன் இடது சக்கரம் சிறு பாலத்தின் ஓரத்தைத் தாண்டி இறங்கியது. சேஸ் படாரென்று பாலத்துக் கல்லின்மேல் உட்கார்ந்தது. அரை மணி நேரம் மூச்சு விடாமல் உள்ளேயே இருந்தேன். அதுவும் அசையவில்லை. பிறகு ஒரு பால் வண்டி வந்து அதன்மேல் வெளிச்சம் அடித்தபோதுதான் தெரிந்தது. யானை இல்லை, பாறை.

பால் வண்டிக்காரர் கயிறு போட்டு இழுத்துவிட்டார். தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஒரு வெல்டிங் கடை திறந்திருந்தது. வெல்டர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சட்டம் விரல் நீளத்துக்கு விட்டிருக்குது சார்," என்று சொல்லி, ஒரு பட்டையை வைத்துச் சுற்றிலும் அடித்து, மேலே தாரைப் பூசிவிட்டார். அவர் அடித்த வெல்டு கோழி கிளறிய மண்ணைப் போல இருந்தது. தொழிற்சாலையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட வெல்டைக் கழித்துப் போடும் நான், வாயைத் திறக்காமல் அதை ஏற்றுக்கொண்டேன்.

வீட்டில் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். "யானை," என்றேன். தளிப் பக்கத்தில் யானை என்று சொல்லிவிட்டால் யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். ஊரே கூடித் தந்தம் எவ்வளவு நீளம் என்று கேட்டது. நான் கையை விரித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் என் மாமனார் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு சாதாரணக் கோழை, அவ்வளவுதான். ஆனால் வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். கிருஷ்ணப்பன். மாதேஷைவிட ஆறு ஏழு வயது மூத்தவர். பதினான்கு வருடம் அந்த வண்டியை ஓட்டியவர். மூன்றாவது நாளே அவர் வந்து, "மாதேஷு தம்பி, வண்டி லெஃப்ட்டுல இழுக்குது, கீழ என்னமோ ஆயிருக்குது, பாக்கோணும்," என்றார். மெக்கானிக் முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு எங்கேயோ பலமாக இடித்திருக்கிறது என்றார். பட்டை வரைக்கும் அவர் போகவில்லை. தாரும் சேறும் அதை மூடியிருந்தன.

மாதேஷுக்கு அந்தக் காலத்தில் சட்டென்று கோபம் வரும். "இடிச்சா இடிச்சேன்னு சொல்லுங்கண்ணா. நீங்களே இடிச்சுட்டு நீங்களே வந்து கண்டுபுடிச்ச மாதிரி பேசாதீங்க," என்றார். கிருஷ்ணப்பன் இல்லை இல்லை என்றார். உகாதிக்கு மறுநாள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவியின் ஊரான சாமல்பட்டிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சு நடந்தபோது நான் அதே கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. யானையைப் பார்த்து வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்த மாப்பிள்ளை அல்லவா நான்.

ஆக, மாதேஷ் கொடுத்த நோட்டில் நான் போட்ட முதல் திட்டம் ஒரு திருட்டுத் திட்டம். நாற்பத்தொரு படிகள் எழுதினேன். பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். புது இன்ஜினுக்கு ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பை, ஒயர்களுக்குப் பெயர் எழுதி ஒட்டும் நாடா, புது கியர் பாக்ஸ் நீளமானால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது வரை இருந்தது. ஏழாவது படியில் மட்டும், "பாடியைத் தூக்கத் தேவையில்லை. சேஸை இருந்த இடத்திலேயே கழுவிப் பெயிண்ட் அடித்தால் போதும்" என்று எழுதியிருந்தேன்.

மேகலா அதைப் படித்துவிட்டு ஏழாவது படியின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"மாமா, சேஸ் வெளிய வராம, அது நேரா இருக்குதா கோணலா இருக்குதான்னு எப்படித் தெரியும்? மூலைக்கு மூலை டேப் புடிச்சு அளக்கணும். புது இன்ஜின் பழசவிட டபுள் இழுவை. நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க, அடிப்படைய செக் பண்ணாம மேல எதையும் ஏத்தாதன்னு."

நான் சொன்னதுதான். எனக்கு என் வாயின்மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். சேஸே வேற வாங்கிருவோம். பெங்களூர்ப் பக்கம் நல்ல சேஸ் கிடைக்கும்."

"நம்பர் மாமா. சேஸ்ல குத்தியிருக்கிற நம்பர்தான வண்டி. அத மாத்துனா அது நம்ம வண்டியே இல்ல. ஆர்சி புக்குல வேற சிக்கல்." பிறகு சிரித்தாள். "என்ன மாமா, எதுக்கோ பயப்படற மாதிரி இருக்குது?"

"பயமெல்லாம் இல்ல. வேலைய மிச்சம் பண்ணலாம்னு பாத்தேன்."

எங்கள் தொழிற்சாலையில் எந்த வேலையைத் தொடங்கினாலும் அதற்கு முன் ஒரு தாள் போடுவோம். எது கெட்டுப்போகலாம் என்று எழுதி, அதற்கு எதிரே மூன்று கட்டங்கள். கெட்டால் எவ்வளவு ஆபத்து, எத்தனை தடவை கெடும், கெடுவதற்கு முன் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் ஒரு எண். மூன்றையும் பெருக்கினால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும். பிக்கப்புக்கும் அப்படி ஒரு தாளை வீட்டில் உட்கார்ந்து போட்டேன். பிரேக், ஸ்டீரிங், கிளட்ச் எல்லாம் ஒழுங்காக வந்தன. "சேஸ், இடது சட்டம்" என்று எழுதி ஆபத்துக்குப் பத்து போட்டேன். புது இன்ஜினின் இழுவையை நினைத்து அடுத்த கட்டத்தில் எட்டு போட்டேன். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு அது பத்து. எனக்கு ஒன்று. என்ன போடுவது?

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினால் தளியிலிருந்து ஓசூர் வரும் சாலை தெரிகிறது. மேகலா ஓட்டுகிறாள், பின்னால் பூக்கூடைகள், எதிரே கல் லாரி. பிரேக்கை அழுத்துகிறாள், இடது பக்கம் மடங்குகிறது. இத்தனை வருடம் மடங்காதது இனி ஏன் மடங்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பழைய இன்ஜின் ஒரு நோஞ்சான், அதனால் மடங்கவில்லை என்று எனக்கு நானே பதிலும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பதற்காகத் தளிக்குப் போனோம். இரண்டு வருடமாக ஓடாமல் தகரக் கொட்டகையில் நின்ற வண்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. மேகலா ஒரு கித்தான் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே நுழைந்தாள். நானும் பக்கத்தில் படுத்தேன். கையில் டார்ச், டேப், சாக்பீஸ். சரியில்லாத இடத்திலெல்லாம் அவள் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். பின் ஸ்பிரிங் ஷாக்கிளில் ஒன்று, டேங்க் பிராக்கெட்டில் ஒன்று. டார்ச் வெளிச்சம் முன்பக்கம் நகர்ந்துகொண்டே போனது.

இடது சட்டத்தில் வெளிச்சம் நின்றது. தார் அங்கங்கே உதிர்ந்து பட்டையின் ஓரம் தெரிந்தது. அவள் விரலால் தடவினாள்.

"மாமா, இது கம்பெனியிலயே வச்ச பட்டையா?"

வண்டியின் அடியில், ஒரு முழ தூரத்தில் அவள் முகம். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் நேராகக் கேட்காத கேள்வி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா," என்றேன்.

"அப்படியா? ரைட்டுல இல்லையே."

"இன்ஜின் பாரம் லெஃப்ட்டுல கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்காக."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? நான் தர ஆய்வாளன். நோட்டில் எழுதினாள், எழுதும்போதே சொல்லிக்கொண்டாள்: "இடது பட்டை, கம்பெனி ஃபிட்டிங், தொட வேண்டாம்." பிறகு அவள் கண்ணில் ஒரு யோசனை மின்னியது. "மாமா! அப்ப இங்க இரும்பு டபுள் தடிமன். புது இன்ஜினத் தாங்குற மவுண்ட்ட இது மேலயே வச்சு வெல்டு பண்ணிட்டா? இதவிட ஸ்ட்ராங்கான இடம் சேஸ்லயே கிடையாது."

எழுந்திருக்கப் பார்த்து சைலன்சரில் தலையை இடித்துக்கொண்டேன். நெற்றியில் ரத்தம். அவள் பதறி மஞ்சள் எடுக்க ஓடினாள். நான் சாக்கில் உட்கார்ந்து, வெல்டரின் அந்தக் கோழிக் கிளறலின்மேல் ஒரு இன்ஜின் தொங்குவதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரவீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டாள். பாறையைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"கிருஷ்ணப்பண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"எது?"

"அவர் மேல தப்பு இல்லன்னு."

"அவர் இடிக்கலன்னு அவருக்குத் தெரியாதா என்ன?"

"நீங்க அவர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டேன்." இல்லை என்று தலையாட்டினேன். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் உங்க பொண்டாட்டி, மன்னிச்சுருவேன்னா? எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. பாப்பா அதுல ஏர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." அதன்பிறகு நான்கு நாட்கள் அவள் என்னிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று முறை மாதேஷுக்குப் போன் செய்தேன். முதல் முறை மழையைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது முறை ரோஜாவுக்கு வந்த பூச்சியைப் பற்றிப் பேசினேன். மூன்றாவது முறை, "மச்சான், அந்த வண்டி..." என்று தொடங்கினேன். "பாடி தூக்க நாள் பாத்தாச்சு மாப்ள, வர்ற புதன், தூக்கற செயின் பிளாக்குக்கும் சொல்லியாச்சு!" என்று அவர் குதூகலமாகச் சொன்னதும் சரி என்று போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் எழுத வரும். பதினேழு வருடமாக நான் செய்வது அதுதான். எங்கள் தொழிற்சாலையில் குறை உள்ள பொருளைக் கண்டால் பேச்சே கிடையாது. அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட வேண்டும். அட்டை கட்டிய பொருளை முதலாளியே வந்தாலும் நகர்த்த முடியாது. அட்டையில் ஐந்து வரிகள் இருக்கும். என்ன குறை, எந்தத் தேதி, யாரால், என்ன காரணம், கண்டுபிடித்தவர் யார். ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். "யாரால்" என்ற இடத்தில் ஒரு தடவைகூட என் பெயரை எழுதியதில்லை.

புதன்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் தளிக்குப் போனேன். கொட்டகையில் யாரும் இல்லை. வண்டிக்கு முன்னால் கோலம் போட்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கீழே படுத்து, அட்டையைக் கம்பியால் பட்டைக்குப் பக்கத்திலேயே கட்டினேன். வெளியே வந்து ஒரு ஓரமாக நின்றுகொண்டேன். ஓடிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. பைக் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடியும் போட்டேன்.

மெக்கானிக் வெள்ளைச்சாமி வந்தார். போல்ட்டுகளை முன்தினமே தளர்த்தி வைத்திருந்தார். கற்பூரம் காட்டினார்கள். செயின் கரகரவென்று இழுபட, கேபின் கண்ணுக்கு முன்னால் சேஸை விட்டு எழுந்தது. ஒரு சாண், இரண்டு சாண், ஒரு முழம். பின்பு மேலேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

"என்ன மாமா இது, உங்க கம்பெனி அட்டை?" மேகலா குனிந்து எடுத்துச் சத்தமாகப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல உற்சாகமாகத்தான் தொடங்கினாள். "என்ன குறை: இடது சட்டத்தில் விரிசல், அதன்மேல் மோசமான வெல்டு. தேதி: 17 மார்ச் 2013. யாரால்: கமலக்கண்ணன்..." அவள் குரல் இறங்கியது. "என்ன காரணம்: பாறையை யானை என்று நினைத்து ரிவர்ஸ் எடுத்தது. பயத்தால் யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர்..."

"யாரு?" என்றார் மாதேஷ்.

"கிருஷ்ணப்பன்னு போட்டிருக்குதுப்பா."

வெள்ளைச்சாமி செயினை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கேபின் காற்றில் லேசாக ஆடியது. மாதேஷ் அட்டையை வாங்கித் தானே ஒரு முறை படித்தார். அவர் கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று தயாராக இருந்தேன். அவர் அங்கிருந்த ட்ரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மனசு உடைந்தால் கன்னடம்தான் வரும்.

"யாக்கெ ஹேள்லில்லா?" என்றார். ஏன் சொல்லவில்லை.

"நீங்க அப்பத்தான் சாவி குடுத்தீங்க மச்சான்," என்றேன்.

மேகலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பெனி பட்டைன்னு சொன்னீங்களே மாமா. அது மேல இன்ஜின் வைக்கலாமான்னு கேட்டேனே." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாதேஷ் தேதியின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தார். "மார்ச்சு பதினேழு. உகாதி ஏப்ரல்ல வந்துச்சு. நான் அந்த மனுசன அனுப்புனது அதுக்கு அடுத்த நாளு." எழுந்தார். "சேஸு இரும்பு. கெட்டத அறுத்துட்டு புதுசு ஒட்டிக்கலாம். பாப்பா, அந்தப் பட்டைய யாரும் தொட வேணாம், அப்படியே இருக்கட்டும். மாப்ள, கார்ல ஏறுங்க. சாமல்பட்டிக்கு."

கிருஷ்ணகிரியைத் தாண்டி ஊத்தங்கரைச் சாலையில், மொத்தம் மூன்று மணி நேரம். மாதேஷ் ஓட்டினார். ஒரு இடத்தில் டீக்கு நிறுத்தினார். எனக்கும் வாங்கிக் கொடுத்தார். கிருஷ்ணப்பன் என்ன சொல்வார் என்று வழி முழுவதும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். திட்டுவார். அல்லது சிரித்து, விடுங்க மாப்பிள்ளை என்பார். இரண்டுக்கும் பதில் தயார் செய்தேன்.

ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், மாமரங்களுக்கு நடுவில் வீடு. அவர் நிலக்கடலைச் செடியை வாசலில் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மாதேஷைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறினார்.

"வாங்க தம்பி. வாங்க மாப்பிள்ளை. என்ன இவ்வளவு தூரம்?"

மாதேஷ் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். இந்த முறை வாயால் சொன்னேன். யானை, பாறை, பாலம், வெல்டர், தார், காபி, அட்டையில் எழுதியது எல்லாவற்றையும். கிருஷ்ணப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்ஜினுக்குக் கீழ, லெஃப்ட்டு சட்டமுங்களா?"

"ஆமாண்ணே."

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கடலை மண் ஒட்டிய கைகள். "ஸ்டீரிங்க புடிச்ச ஒடனே இந்தக் கையில தெரிஞ்சுதுங்க. ஆனா நீங்கெல்லாம் அத்தனை பேரு சொல்லவும், ஒருவேளை நாந்தான் எங்கியோ இடிச்சுப்புட்டு நெனப்பில்லாம போயிட்டனோன்னு ஆயிருச்சு. தூக்கக் கலக்கத்துல இடிச்சிருப்பனோ, என்னமோன்னு. இங்க வந்தப்பறம் ஒரு பஸ்ஸுக்குக் கூப்பிட்டாங்க. ஏறி உக்காந்தேன். கை நடுங்கிருச்சுங்க. பின்னாடி அத்தனை சனம். எறங்கிட்டேன். அப்பறம் வண்டியே தொடல."

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. மாதேஷ் அவர் கையைப் பிடித்து, "தப்பு பண்ணிட்டேன்ணா," என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அந்த அட்டை எங்கீங்க?" என்று கேட்டார்.

மாதேஷ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கிருஷ்ணப்பன் அதைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. உள்ளே திரும்பி அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"வெங்கடம்மா! இங்க வா. இதப் படி, சத்தமாப் படி."

வெங்கடம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தாள். "யாரால்" என்ற இடத்தில் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடைசி வரியில் தன் கணவர் பெயரைப் படித்தபோது நிறுத்திவிட்டாள்.

"பாத்தியா," என்றார் கிருஷ்ணப்பன். "நான் இல்ல. நான் கண்டுபுடிச்சவன்."

அவர் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி இரண்டாக மடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது என்கிட்டயே இருக்கட்டுமுங்களா?" என்று கேட்டார்.